உதவி: மெத்தை வாங்கிப் போட்டும் வெறும் தரையிலேயே படுக்கும் வயதான லேப்ரடார் (கடலூர்)

திருப்பாப்புலியூர் வாசி:
எங்கள் ஜூலிக்கு ஒன்பது வயது நடக்கிறது. பெண் லேப்ரடார், 34 கிலோ, கருத்தடை ஆபரேஷன் ஆனவள். சுற்றிலும் விளிம்பு உயர்ந்து, நடுவில் பஞ்சு அடைத்த வட்ட மெத்தை ஒன்றை ஆன்லைனில் வாங்கிப் போட்டோம். ராத்திரி கொஞ்ச நேரம் அதில் படுக்கிறாள். அப்புறம் எழுந்து போய் ஹால் டைல்ஸில் காலை நீட்டிப் படுத்துவிடுகிறாள். காலையில் எழும்போது பின்னங்கால் உடனே பிடிகொடுப்பதில்லை, நாலு எட்டு வைத்த பிறகுதான் நடை சரியாகிறது. முன்னங்கால் முட்டியில் முடி கொட்டி, தோல் கறுத்துத் தடித்திருக்கிறது.

இன்னொரு பிரச்சினை நாற்றம். துவைத்துப் போட்டாலும் இரண்டு மூன்று நாளில் திரும்ப வந்துவிடுகிறது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் காயவைக்கவும் வழி இருக்காது. எந்த மாதிரி மெத்தை வாங்கலாம்? இங்கேயே சொல்லிச் செய்ய முடியுமா? வயதான காலத்தில் அவள் வலியில்லாமல் படுத்தால் போதும் எங்களுக்கு.

லாஸ்பேட்டை அக்கா:
தம்பி, அவளுக்கு மெத்தை பிடிக்காமல் இல்லை, அதில் புழுங்குகிறது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும், முடி குறைந்த அடிவயிற்றைக் குளிர்ந்த தரையில் ஒட்டி வைத்துக்கொள்ளும். விளிம்பு வைத்த வட்ட மெத்தை குளிர் ஊருக்கானது. லேப்ரடாருக்கு ஏற்கெனவே இரண்டு அடுக்கு முடி. நம் கடற்கரைப் புழுக்கத்தில் அதைப் பஞ்சுக்குள் சுருட்டி வைத்தால் எப்படித் தூங்கும்?

எங்கள் வீட்டில் இரண்டு லேப் வளர்ந்தன. விளிம்பில்லாமல் தட்டையாக, நீட்டிப் படுக்க இடம் இருக்கிற மெத்தையில்தான் இரண்டுமே விடியும்வரை தூங்கின. அவள் பக்கவாட்டில் நீட்டிப் படுத்திருக்கும்போது மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, அதோடு ஒரு சாண் கூட்டிக்கொள்ளுங்கள். இன்னொன்று, மெத்தையின் நடுவில் முஷ்டியை வைத்து உங்கள் பாரம் முழுவதும் போட்டு அழுத்திப் பாருங்கள். தரை கையில் தட்டினால் அவள் இடுப்புக்கும் தட்டும்.

முதுநகர் மெத்தைக்காரர்:
நான் மெத்தை தைக்கிற ஆள். அக்கா சொன்ன முஷ்டிக் கணக்கு சரி. ஆன்லைனில் வரும் நாய் மெத்தைகளில் அடைத்திருப்பது பெரும்பாலும் பாலியஸ்டர் பஞ்சு. 34 கிலோ ஒரே இடத்தில் படுத்தால் சீக்கிரமே நடுவில் குழி விழுந்துவிடும். ஓரம் மட்டும் உப்பலாக நிற்கும், பார்க்க நன்றாக இருக்கும், படுக்க உதவாது.

இலவம் பஞ்சில் செய்யலாமா என்று சிலர் கேட்பார்கள். மனிதருக்கு அதைப் போல மெத்தை கிடையாது. ஆனால் நாய்க்கு வேண்டாம். நனைந்தால் கட்டிதட்டிவிடும், பிரித்து அடித்துத்தான் சரிசெய்ய வேண்டும். தென்னை நார் மெத்தை காற்றோட்டமாக இருக்கும், ஆனால் அது மட்டும் போட்டால் முட்டிக்குக் கடினம்.

உங்கள் ஜூலிக்கு நான் செய்தால் அடியில் 2 அங்குலம் ரீபாண்டட் ஃபோம் (ஃபோம் துண்டுகளை அழுத்தி ஒட்டிச் செய்த கெட்டி ஃபோம்), அதன்மேல் 2 அங்குலம் 40 டென்சிட்டி ஃபோம் வைப்பேன். 40 டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டர் ஃபோம் 40 கிலோ எடை என்று கணக்கு. கடையில் சும்மா 'நல்ல ஃபோம்' என்று சொன்னால் வாங்காதீர்கள், டென்சிட்டி என்ன என்று கேளுங்கள். 4 அடிக்கு 2½ அடி இருந்தால் லேப்ரடார் தாராளமாக நீட்டிப் படுக்கும். உறை கெட்டியான காடாத் துணியில் இரண்டு செட் தைத்துக்கொள்ளுங்கள், ஜிப்பை அடிப்பக்கம் வைக்கச் சொல்லுங்கள். மேலே இருந்தால் கடித்து இழுக்கும், உள்ளே இருக்கும் ஃபோமைத் தின்றால் குடலில் அடைத்துக்கொள்ளும். உடம்பின் வடிவத்துக்கு அமுங்கிக் கொடுக்கும் மெமரி ஃபோம் வாங்கச் சொல்வார்கள். அது சூட்டைப் பிடித்து வைக்கும், ஏசி இல்லாத அறைக்கு நான் சொல்லமாட்டேன்.

தேவனாம்பட்டினம் மணல்:
மெத்தையை நேராகத் தரையில் போடாதீர்கள் சார். என்ன மெத்தை போட்டாலும் அடியில் ஈரம் கோத்து, புரட்டிப் பார்த்தால் கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை பிடித்திருக்கும். தச்சரிடம் சொல்லி ரீப்பர் கட்டையில் ஒரு பலகைக் கட்டில் அடித்துக்கொள்ளுங்கள். கட்டைக்குக் கட்டை ஒரு விரல் இடைவெளி, தரையிலிருந்து நாலு விரல் உயரம் போதும். இரும்பு வேண்டாம், உப்புக்காற்றில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும்.

மஞ்சக்குப்பம் 607001:
நாற்றத்துக்கு எளிய வழி, மெத்தைக்கடியில் நாலு பாச்சை உருண்டை போடுங்கள், தரையைப் பினாயில் ஊற்றித் துடையுங்கள். உண்ணியும் வராது.

கால்நடை மாணவி, புதுச்சேரி:
ஐயா, தயவுசெய்து அது வேண்டாம். பாச்சை உருண்டையில் இருப்பது பெரும்பாலும் நாஃப்தலீன். நாய் ஒன்றை விழுங்கினாலும் ரத்தச் சிவப்பணுக்கள் சிதைய வாய்ப்புண்டு. பினாயில் ஈரத்தில் படுத்தால் வயிற்றுத் தோல் வெந்துபோகும், பாதத்தை நக்கினால் உள்ளேயும் போகும். கற்பூரமும் அப்படித்தான்.

திருப்பாப்புலியூர் சார், ஒரு கேள்வி. அவள் தூங்கி எழுந்ததும் வால் பக்கம் மெத்தை ஈரமாக இருக்கிறதா? தொட்டு, முகர்ந்து பார்த்துச் சொல்லுங்கள்.

திருப்பாப்புலியூர் வாசி:
இன்று பார்த்தேன் அம்மா. உள்ளங்கை அளவுக்கு ஈரம், மூத்திர வாடைதான். அவள் வீட்டுக்குள் ஒருநாளும் அசிங்கம் செய்ததில்லை. பின்னங்கால் உள்பக்க முடியும் நனைந்திருந்தது.

கால்நடை மாணவி, புதுச்சேரி:
நினைத்தேன். நாற்றத்தின் வேர் அதுதான், துவைப்பதில் குறையில்லை. கருத்தடை செய்த பெரிய வகைப் பெண் நாய்களில் வயதாகும்போது மூத்திரப் பையின் வாய்த்தசை தளர்ந்து, தூக்கத்தில் கசிவது சாதாரணமாகக் காண்பது. அவளுக்கே தெரியாமல் நடக்கிறது, அதட்டாதீர்கள். மருந்தில் நன்றாகக் கட்டுப்படும். ஆனால் மூத்திரத் தொற்று, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு இவற்றிலும் இப்படிக் கசியும், அதனால் பரிசோதனை செய்யாமல் மருந்து ஆரம்பிக்கக் கூடாது. காலையில் முதல் மூத்திரத்தைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து எடுத்துப் போங்கள். கடலூரில் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. எக்ஸ்ரே வரை தேவைப்பட்டால் புதுச்சேரி குரும்பாப்பேட்டையில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வாருங்கள்.

காலையில் கால் பிடிகொடுக்காதது மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். லேப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வம்சத்திலேயே வரக்கூடியது. அதையும் அதே நாளில் காட்டிவிடுங்கள். நம் வீட்டு வலி மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் நாய்க்கு விஷம். எடை நாலு கிலோ குறைந்தால் எந்த மெத்தையை விடவும் அந்த மூட்டுக்கு நல்லது.

முட்டியில் இருப்பது காய்ப்பு. கனமான நாய் கடினத் தரையில் படுப்பதால் வருவது, பயமில்லை. தேங்காய் எண்ணெய் லேசாகத் தடவலாம். நீர் கோத்து மெத்தென்று வீங்கினாலோ, வெடித்து ரத்தம் கசிந்தாலோ வீட்டில் குத்தி எடுக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

மெத்தைக்கு வருகிறேன். உறைக்கும் ஃபோமுக்கும் நடுவில் குழந்தைக்குப் போடும் ரப்பர் ஷீட்டை வால் பக்கப் பாதிக்கு மட்டும் விரியுங்கள், முழுவதும் விரித்தால் புழுங்கும். மெத்தையும் பலகையும் சேர்ந்த உயரம், அவள் தாவாமல் எட்டு வைத்தே ஏறும்படி இருக்கட்டும். ஏறும் இடத்தில் டைல்ஸ் வழுக்காமல் ஒரு ரப்பர் மேட் போடுங்கள். அவள் பாதிநாள் தரையில் படுத்தால் விட்டுவிடுங்கள், மே மாதத்தில் அவளுக்குத் தரையும் வேண்டும்.

லாஸ்பேட்டை அக்கா:
உறையை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி மூத்திரத்தைப் போக்கிவிட்டு, ஒரு பங்கு வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து அரை மணி ஊறவையுங்கள். அப்புறம் வழக்கம்போல சோப்புத்தூள், சுடுதண்ணீர். 60 டிகிரிச் சூட்டில் தெள்ளுப்பூச்சியும் அதன் முட்டையும் மிஞ்சாது. இரண்டு முறை நன்றாக அலசுங்கள், சோப்பு தங்கினால் அரிக்கும். வாசனைத் திரவம் சேர்க்காதீர்கள். வினிகரோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

உண்ணி மெத்தையில் மட்டும் குடியிருக்காது. ரத்தம் குடித்ததும் நாயிலிருந்து இறங்கி, சுவர் வெடிப்பிலும் கதவுச் சட்டத்து இடுக்கிலும் போய் முட்டையிடும். படுக்கைக்கு மேலே இருக்கிற சுவரை டார்ச் அடித்துப் பாருங்கள். வெடிப்பைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டுத்தான் மருந்து. வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்து எதுவும் வாங்காதீர்கள், அது பூனைக்கு விஷம்.

திருப்பாப்புலியூர் வாசி:
எல்லோருக்கும் மிக்க நன்றி. திங்கட்கிழமை மருத்துவமனைக்குப் போகிறோம், தச்சரிடமும் சொல்லிவிட்டேன். மெத்தைக்கார அண்ணனிடம் ஒரே ஒரு சந்தேகம். அடைமழையில் ஃபோமே நனைந்துவிட்டால்? 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது வீட்டுக்குள் துணி ஒன்றும் காயவில்லை.

முதுநகர் மெத்தைக்காரர்:
பிழியாதீர்கள், முறுக்காதீர்கள், கிழிந்துவிடும். காய்ந்த துண்டை மேலே போட்டு ஏறி மிதித்து ஈரத்தை இறக்குங்கள், துண்டு நனைய நனைய மாற்றுங்கள். பிறகு செங்குத்தாக நிறுத்தி, இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி ஃபேனுக்கு எதிரில் வையுங்கள். ஒரு ராத்திரி ஓடினால்கூட நடுவில் ஈரம் நிற்கும், ஆகவே அழுத்திப் பார்த்து உறை போடுங்கள். வெயில் வந்ததும் மொட்டை மாடியில் போட்டுவிடலாம் என்று தோன்றும். உறைக்குத்தான் வெயில், ஃபோமுக்கு நிழல். நேர்வெயிலில் ஃபோம் மஞ்சளாகி ரவை ரவையாக உதிர்ந்துவிடும். ரீபாண்டட்டையும் மேல் ஃபோமையும் ஒட்டாமல் தனித்தனியாக வைத்துத் தருகிறேன், நனைந்ததை மட்டும் எடுத்துக் காயவைக்கலாம்.