ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பேசும்போது டாஷ்போர்டு திரையில் வரைபடம் மறைந்துவிடுகிறது: என்ன செய்வது?

கேள்வி: புதுச்சக்கரம்

அனைவருக்கும் வணக்கம். நான் கார் ஓட்டத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வண்டி ஓடும்போது கைப்பேசியைக் கையில் எடுப்பதில்லை என்பதில் உறுதியாக இருக்கிறேன். அழைப்புகள் எல்லாம் ப்ளூடூத் வழியாகக் காரின் ஸ்பீக்கரில்தான் ஒலிக்கும். பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் டாஷ்போர்டு திரையை எப்படிக் கையாள்வது என்பதில்தான் எனக்குக் குழப்பம்.

சென்ற வாரம் பழக்கமில்லாத ஒரு நெடுஞ்சாலையில் சென்றுகொண்டிருந்தேன். நான் பிரிய வேண்டிய சாலைக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது அக்கா அழைத்தார். ஸ்டீயரிங்கில் இருக்கும் பொத்தானை அழுத்தி எடுத்தேன். உடனே வரைபடம் மறைந்து, திரை முழுவதும் அக்காவின் பெயரும் ஓடும் நொடிக்கணக்கும் சிவப்பு வட்டமும் மட்டும் நின்றன. வழி சொல்லும் குரலும் நின்றுவிட்டது. அக்காவுக்குப் பதில் சொல்லிக்கொண்டே, திரையின் ஓரத்தில் இருந்த சிறு படங்களில் வரைபடத்துக்கு உரியது எது என்று தேடினேன். முதல் முறை தொட்டபோது மைக் அணைந்தது. இரண்டாம் முறை எண்பலகை விரிந்தது. தலையை நிமிர்த்தியபோது முன்னால் சென்ற லாரியின் பிரேக் விளக்குகள் மிக அருகில் சிவந்திருந்தன. பிரேக்கை முழுவதுமாக அழுத்தித்தான் வண்டியை நிறுத்த முடிந்தது.

அழைப்பின்போது வரைபடம் மறையாமல் இருக்க வழி உண்டா? குரல் ஏன் நின்றது? கையில் கைப்பேசி இல்லாத நிலையில் திரையைத் தொடுவதை எந்த அளவுக்குப் பாதுகாப்பானது என்று கருதலாம்? அனுபவமுள்ளவர்கள் கூறுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 1: கம்பியும் அலையும்

காரில் பொருத்தப்படும் ஒலி, திரைக் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். உங்களைப் போன்றே பலர் கருவியில் கோளாறு என்று எண்ணி வண்டியைக் கொண்டுவருகிறார்கள். பெரும்பாலும் அது கோளாறாக இருப்பதில்லை.

ப்ளூடூத்தில் பாட்டுக்கு ஒரு தடம், பேச்சுக்கு வேறொரு தடம். பாட்டும், பல கார்களில் வழி சொல்லும் குரலும், ஏ2டிபி எனப்படும் தடத்தில் கைப்பேசியிலிருந்து காருக்கு ஒரு திசையில் மட்டும் செல்கின்றன. அழைப்பு வந்தவுடன் எச்எஃப்பி எனப்படும் இருதிசைப் பேச்சுத் தடம் திறந்துகொள்ள, பாட்டுத் தடம் நிறுத்திவைக்கப்படுகிறது. அதில் வந்துகொண்டிருந்த வழிகாட்டும் குரலும் அதனோடு சேர்ந்து அடங்கிவிடுகிறது. கூகுள் மேப்ஸைப் பயன்படுத்தினால், அதன் வழிகாட்டுதல் அமைப்புகளில் அழைப்பின் நடுவிலும் குரலை ஒலிக்கச் செய்யும் தேர்வு ஒன்று இருக்கிறது. அது அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

திரையைப் பொறுத்தவரை, காரோடு வந்த பழைய கருவிகளில் அழைப்புப் பக்கம் திரை முழுவதையும் மூடுவது வழக்கம். அவற்றில் பலவற்றில் வரைபடத்துக்கெனத் தனிப் பொத்தான் ஒன்று திரைக்கு வெளியே இருக்கும். அதை அழுத்தினால் அழைப்பு துண்டிக்கப்படாமல் வரைபடம் திரும்பிவிடும். அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை வண்டி நின்றிருக்கும்போது, கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பழகுங்கள். தடவி அறியக்கூடிய பொத்தானும் வழவழப்பான கண்ணாடியும் ஒன்றல்ல. கண்ணாடியில் விரல் சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும்.

கைப்பேசியின் செயலிகளைக் காரின் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோவில் 2023இல் வந்த மாற்றத்துக்குப் பின் திரை பகுதிகளாகப் பிரிந்து, வரைபடம் ஒரு பக்கமும் மற்றவை இன்னொரு பக்கமுமாக நிற்கின்றன. ஐபோன்களுக்கு அதே வேலையைச் செய்யும் ஆப்பிளின் கார்ப்ளேயில் ஐஓஎஸ் 26 பதிப்பிலிருந்து, வரும் அழைப்பு திரை முழுவதையும் மறைக்காமல் சிறு பட்டையாகத் தோன்றுகிறது. ஆகவே கைப்பேசியின் மென்பொருளைப் புதுப்பித்தாலே உங்கள் சிக்கலில் பாதி தீர்ந்துவிடக்கூடும்.

தொடர்புடைய இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய பேச்சுத் தடம் குரலை நொடிக்கு 8,000 முறை மட்டுமே அளந்து கடத்துவதால் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதைப் போல இருக்கும். எச்எஃப்பியின் 1.6 பதிப்பிலிருந்து அது 16,000 ஆக உயர்ந்தது. குரல் தெளிவில்லாதபோது நாம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறோம், அந்த உழைப்பும் ஓட்டுநரின் கவனத்திலிருந்துதான் போகிறது.

பதில் 2: நிதானம்

இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஓட்டுநர் பயிற்சி அளித்துவருகிறேன். தங்கள் மூன்றாம் கேள்விதான் என் மனத்தில் தங்கிவிட்டது.

திரையைத் தொடுவது கண்ணையும் கையையும் எடுத்துக்கொள்கிறது. பேச்சு மனத்தை எடுத்துக்கொள்கிறது. தாங்கள் அந்த லாரியை நெருங்கிய வேளையில் இந்த மூன்றுமே சாலையில் இல்லை. கைப்பேசியைக் கையில் பிடிக்கவில்லை என்பதால் தாங்கள் பாதுகாப்பாக இருந்ததாகக் கருத முடியாது. ரெடெல்மயர், டிப்ஷிரானி ஆகிய இருவரும் 1997இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், அழைப்பில் இருக்கும்போது மோதலுக்கான வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது என்று கண்டார்கள். ஹேண்ட்ஸ்ஃப்ரீ வைத்திருந்தவர்களுக்கு அதனால் தனி நன்மை எதுவும் தென்படவில்லை. 2003இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்ட்ரேயரும் அவருடைய குழுவினரும் சிமுலேட்டரில் ஓட்டுநர்களின் கண்ணசைவைப் பதிவுசெய்தபோது, ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பேசியவர்கள் சாலையோரப் பலகைகளை நேராகப் பார்த்திருந்தும் பின்னர் அவற்றை அடையாளம் காணத் தடுமாறினார்கள். கண் பட்டும் மனத்தில் பதியவில்லை என்பதே இதன் பொருள்.

இந்த நிலையில் இருப்பவர் கூடுதலாகத் திரையையும் பார்க்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதைத் தங்கள் அனுபவமே காட்டுகிறது. அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2013இல் கார்த் தயாரிப்பாளர்களுக்கு வகுத்த வழிகாட்டுதல்கள், ஒரு பார்வை 2 நொடிகளுக்குள்ளும், ஒரு வேலைக்காகச் சாலையை விட்டுக் கண் விலகும் மொத்த நேரம் 12 நொடிகளுக்குள்ளும் அடங்க வேண்டும் என்கின்றன. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 2 நொடிகளில் வண்டி ஏறத்தாழ 44 மீட்டர் கடந்துவிடும். தாங்கள் மைக்கையும் எண்பலகையும் தவறுதலாகத் தொட்டுத் திருத்த முயன்றது 2 நொடிகளில் முடிந்திருக்காது.

ஆகவே என்னிடம் பயில்பவர்களுக்கு நான் வைத்திருக்கும் விதி எளியது. அழைப்பு நடக்கும்போது திரை பார்ப்பதற்கு மட்டுமே, அதுவும் ஒரு கணம்; தொடுவதற்கன்று. தொட்டே ஆக வேண்டும் என்றால் அழைப்பைத் துண்டித்துவிட வேண்டும். துண்டிக்கும் பொத்தான் ஸ்டீயரிங்கிலேயே, கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது.

பதில் 3: மலைப்பாதை

முந்தைய பதிலை மதிக்கிறேன். ஆனாலும் சற்று மிகையாகப் படுகிறது. அருகில் அமர்ந்திருப்பவரோடு பேசிக்கொண்டே ஏசியின் அளவை மாற்றுகிறோம், வானொலியை மாற்றுகிறோம். அவற்றை யாரும் தவறு என்பதில்லை. தொலைவில் இருப்பவரோடு பேசும்போது மட்டும் திரையைத் தொடக் கூடாது என்பதற்கு என்ன காரணம்?

பதில் 4: நிதானம்

நியாயமான கேள்வி. அருகில் இருப்பவர் தாங்கள் காணும் அதே சாலையைக் காண்கிறார். முன்னால் வண்டி திடீரென நின்றால் அவர் பேச்சை நிறுத்திவிடுகிறார், சில வேளைகளில் “பார்த்து!” என்று எச்சரிக்கவும் செய்கிறார். பிரியும் சாலை வந்தால் கை நீட்டிக் காட்டுகிறார். தொலைவில் இருப்பவருக்கு இவை எதுவும் தெரியாததால், தாங்கள் சிக்கலான சந்திப்பில் திணறும் அதே கணத்தில் அவர் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு விடைக்காகக் காத்திருப்பார். அதே யூட்டா பல்கலைக்கழகத்தில் 2008இல் வெளியான ஆய்வில், கைப்பேசியில் பேசியவர்களில் பலர் திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிட்டார்கள்; அருகில் இருப்பவரோடு பேசியவர்களில் பெரும்பாலோர் சரியாகத் திரும்பினார்கள்.

ஏசியின் அளவைப் பற்றிச் சொன்னீர்கள். அது திருகும் குமிழாக இருந்தால் எனக்கு மறுப்பில்லை. தொடுதிரைக்குள் மூன்றாம் பக்கத்தில் இருந்தால் அதையும் அழைப்பின்போது தொட வேண்டாம் என்றே சொல்வேன்.

பதில் 5: புதுச்சக்கரம்

பதில் அளித்த அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை வண்டியை நிறுத்திவைத்து, அக்காவை அழைக்கச் சொல்லி ஒவ்வொன்றாகச் சோதித்தேன். குரலுக்கான தேர்வு அணைந்துதான் இருந்தது. அதை இயக்கியபின் அக்கா பேசும்போதே வழிகாட்டும் குரலும் தெளிவாகக் கேட்கிறது. திரைக்குக் கீழே வரைபடத்துக்கான தனிப் பொத்தான் ஒன்று இரண்டு ஆண்டுகளாக என் கண்முன்னே இருந்திருக்கிறது. அதன் மேல் சிறு மேடு இருப்பதால் பார்க்காமலேயே விரலால் கண்டுபிடிக்க முடிகிறது. இருபது முறையாவது அழுத்திப் பழகியிருப்பேன்.

ஐயா சொன்ன விதியை அக்காவிடமும் சொன்னேன். இனிமேல் அழைத்தவுடன் “ஓட்டுகிறாயா?” என்று கேட்பதாகவும், ஆம் என்றால் சேர்ந்ததும் அழைக்கச் சொல்லிவிட்டு வைத்துவிடுவதாகவும் கூறியிருக்கிறார்.