குவாக்கமோலே: கறுக்காமல், கசக்காமல், நீர்த்துப் போகாமல் செய்ய அளவு வேண்டும்

மோர்மிளகாய்:
நாலு பேருக்குக் குவாக்கமோலே (அவகாடோ என்ற வெண்ணெய்ப் பழத்தை மசித்துச் செய்யும் மெக்சிகோ உணவு) செய்யச் சரியான அளவு சொல்லுங்கள். பூண்டு, தயிர், மயோனைஸ் என்று ஆளாளுக்கு ஒன்றைப் போடச் சொல்கிறார்கள், எது தேவை என்றே புரியவில்லை. மிக்சியில் அடிக்கலாமா? சில சமயம் ஏன் கசக்கிறது? ஒரு மணி நேரத்தில் மேல்பக்கம் பழுப்பாகிவிடுகிறதே, கொட்டையை உள்ளே போட்டு வைத்தால் நிற்குமா?

அம்மிக்குழவி:
தயிரும் மயோனைஸும் வேண்டவே வேண்டாம். பழத்திலேயே போதுமான கொழுப்பு இருக்கிறது. பழுக்காத பழத்தின் குறையை மறைக்கத்தான் அவை உதவும்.

நடுத்தர அளவில் நன்கு பழுத்த அவகாடோ 3 (சதை மட்டும் சுமார் 400 கிராம்), பொடியாக நறுக்கிய வெங்காயம் 3 மேசைக்கரண்டி, பச்சை மிளகாய் 1 அல்லது 2, தண்டோடு நறுக்கிய கொத்தமல்லி ஒரு கைப்பிடி, தூள் உப்பு முக்கால் தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி. உப்பையும் சாற்றையும் முதலில் முக்கால் பங்கு போட்டு, ருசி பார்த்து மீதியைச் சேருங்கள்.

வரிசைதான் முக்கியம். வெங்காயத்தில் பாதி, மிளகாய், கொத்தமல்லியில் பாதி, உப்பு இவற்றை முதலில் கல்லுரலில் நசுக்குங்கள். மெக்சிகோவில் இதற்கென்றே மொல்காஹெத்தே என்ற எரிமலைக் கல் உரல் உண்டு. உப்பு உரசுவதால் சாறு சீக்கிரம் இறங்கும். அந்த விழுதில் பழத்தைப் போட்டு முள்கரண்டியால் மசிக்கவும். அங்கங்கே சுண்டைக்காய் அளவு துண்டுகள் நிற்கட்டும். மீதி வெங்காயம், கொத்தமல்லி, சாறு எல்லாம் கடைசியில். பச்சை வெங்காயத்தின் காரம் தூக்கலாக இருந்தால் நறுக்கியதைக் குளிர்ந்த நீரில் அலசிப் பிழிந்துவிடுங்கள்.

மிக்சி வேண்டாம். விழுது கூழாகிவிடும், காற்றும் உள்ளே அடைபடும். காற்று சேர்ந்தால் நிறம் இன்னும் சீக்கிரம் மாறும்.

கசப்புக்குப் பெரும்பாலும் காயான பழமே காரணம். எலுமிச்சையை ஒட்டப் பிழிந்து தோலின் கசப்பு இறங்கினாலும் வரும். அவகாடோவைச் சூடுபடுத்தினாலும் கசக்கும். காய்ப் பழத்தை மைக்ரோவேவில் வைத்துப் 'பழுக்க வைக்கும்' யோசனையைக் காதில் வாங்காதீர்கள். அது மெத்தென்று ஆகும், பழுக்காது.

பச்சைத்தோல்:
கொட்டை விஷயம் வெறும் நம்பிக்கை. கொட்டைக்கு நேர் கீழே காற்று படாததால் அந்த இடம் மட்டும் பச்சையாக நிற்கும், சுற்றியுள்ளது கறுக்கும். சதையில் உள்ள ஒரு நொதி காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து செய்யும் வேலை இது. எலுமிச்சைப் புளிப்பு அதன் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். அதற்காகச் சாற்றைக் கொட்டினால் ஊறுகாய் மாதிரி ஆகிவிடும்.

குறுகலான டப்பாவில் நிரப்பி, தட்டி இடைவெளியைப் போக்கி, மேலே பிளாஸ்டிக் தாளை விழுதின் மேலேயே ஒட்டும்படி அழுத்துங்கள். அல்லது மேற்பரப்பைச் சமமாக்கி ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குக் குளிர்ந்த நீர் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். பரிமாறும்போது நீரை வடித்துவிட்டுக் கிளறினால் போதும். மறுநாளைக்குள் தீர்த்துவிடுவது நல்லது. மேலே லேசாகப் பழுப்பானால் வழித்துவிட்டுக் கீழே இருப்பதைச் சாப்பிடலாம்.

இன்னொன்று: பழத்தை உள்ளங்கையில் வைத்துக் கொட்டையைக் கத்தியால் குத்தி எடுக்காதீர்கள். கை கிழிவது அப்படித்தான். பலகையில் வைத்துக் கரண்டியால் நெம்புங்கள்.

மோர்மிளகாய்:
நன்றி. கிடைப்பது பெரிய, பச்சைத் தோல் பழம். பழுத்தும் கறுப்பாவதில்லை, விழுதும் தளர்வாக வருகிறது. தக்காளி சேர்க்கலாமா?

அம்மிக்குழவி:
பழுத்தால் தோல் கறுப்பது ஹாஸ் போன்ற ரகங்களில்தான். பச்சைத் தோல் ரகங்கள் பல பழுத்தாலும் பச்சையாகவே இருக்கும், நிறத்தை நம்ப வேண்டாம். காம்புப் பக்கம் மெதுவாக அழுத்தினால் சற்றே இளக வேண்டும். விரல் நுனியால் குத்திப் பார்த்தால் உள்ளே கன்றிப்போகும். கல் போல இருந்தால் வாழைப்பழத்தோடு காகிதப் பையில் மூடி, ஓரிரு நாளில் பாருங்கள். பழுத்ததும் ஃபிரிட்ஜுக்கு மாற்றலாம்.

பெரிய பச்சை ரகங்களில் பொதுவாகக் கொழுப்பு குறைவு, நீர் அதிகம். அதனால் அதிகம் மசிக்காமல் துண்டாகவே விடுங்கள், சாற்றையும் பாதியாக்குங்கள். தக்காளி கட்டாயமில்லை. போடுவதானால் விதைப் பகுதியை நீக்கி, நறுக்கி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு வடிகட்டியில் 10 நிமிடம் வைத்து, பரிமாறும்போது கலக்கவும். பூண்டு என் கணக்கில் தேவையில்லை.

பச்சைத்தோல்:
பூண்டில் மட்டும் உடன்பாடில்லை. சப்பென்ற பழத்துக்கு அரைப் பல் பூண்டை உப்போடு நசுக்கிச் சேர்த்தால் நன்றாகவே இருக்கும். அதற்கு மேல் போனால் பழத்தின் ருசி தெரியாது.

பழம் மிஞ்சினால் சதையை எலுமிச்சைச் சாறு மட்டும் சேர்த்து மசித்து, பையில் காற்றை வெளியேற்றி ஃபிரீசரில் வைக்கலாம். வெங்காயமும் தக்காளியும் உறைந்து உருகினால் நீர் விடும், அவற்றைப் பிறகு புதிதாகச் சேருங்கள்.