புதுப்பிப்பு: விடியற்காலையில் மட்டும் தொடர்பு அறுந்துபோன மோடம், காரணம் கிடைத்துவிட்டது

ஆற்றோர நீர்மட்ட நிலையத்திலிருந்து செல்போன் மோடம் வழியாக வரும் தரவு விடியற்காலையில் மட்டும் நின்றுவிடுகிறது, சிக்னல் நன்றாகத்தான் இருக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். கோளாறு மின்சாரத்தில் இருந்தது. 2ஜி-யில் அனுப்பும்போது மோடம் ஒரு மில்லிநொடிக்கும் குறைவான நேரத்துக்கு 2 ஆம்பியர் வரை இழுக்கும். இரவெல்லாம் ஓடி பேட்டரி தளர்ந்திருக்கும்போது, நீளமான மெல்லிய ஒயரில் அந்த இழுப்பு வந்தால் வோல்டேஜ் சட்டென்று சரிந்து மோடம் ரீசெட் ஆகிவிடுகிறது. மல்டிமீட்டரில் இது தெரியவே தெரியாது, வோல்டேஜின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பள்ளம் பள்ளமாகத் தெரிந்தது. தடித்த, குட்டையான ஒயர் போட்டு, மோடத்துக்குப் பக்கத்திலேயே மின்சாரத்தைச் சேர்த்து வைத்து சட்டென்று கொடுக்கும் பெரிய கெபாசிட்டர் ஒன்றும் வைத்த பிறகு தொடர்பு அறவில்லை.

அப்புறம், வெளியிலிருந்து இணையம் வழியாக நிலையத்தை அழைக்க முடியவில்லை என்று கேட்டவர்களுக்கு: பல நெட்வொர்க்குகள் சாதாரண சிம்முக்குப் பொது ஐபி (வெளியிலிருந்து நேரடியாக அணுகக்கூடிய இணைய முகவரி) தருவதில்லை, அதனால் நிலையமே சர்வரை அழைத்து அனுப்பும்படி மாற்றிவிடுங்கள். வெள்ளம் ஏறும் இரவில் டவரும் படுத்துவிடலாம், நமக்கு ரொம்ப முக்கியமான அளவீடும் அப்போதையதுதான். எனவே சர்வர் ‘கிடைத்தது’ என்று சொல்லும் வரை லாகரில் (நிலையத்தில் அளவீடுகளைச் சேமித்து வைக்கும் கருவி) எதுவும் அழியக் கூடாது. விட்டுப்போனதை மறுபடி அனுப்பும் பகுதியைத்தான் இப்போது சோதித்துக்கொண்டிருக்கிறேன்.