பிரஷ் கட்டரில் நைலான் ஹெட் இறுகிவிட்டது, எப்படிக் கழற்றுவது?

ஆனைமலை_தோப்பு:
வணக்கம். தோளில் மாட்டிப் புல் வெட்டும் 4 ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர், நேர் தண்டு. மழைக்குப் பிறகு நைலான் ஹெட் (சுழலும் நைலான் நரம்பால் புல்லை அடிக்கும் தலை) போட்டு தென்னைக்கு நடுவே கோரையும் அருகும் அடித்தோம். இப்போது வேலியோரம் பார்த்தீனியம் இடுப்பளவு நிற்கிறது. பூ விடுவதற்குள் பிளேடு மாட்டி வெட்டியாக வேண்டும். ஆனால் ஹெட் அசையவே மாட்டேன் என்கிறது. ரிவர்ஸ் மரை, வலப்பக்கம் திருகினால்தான் கழலும் என்பது தெரியும், அப்படித்தான் திருகுகிறேன். தண்டு சுற்றாமல் இருக்க கியர் பாக்ஸ் ஓட்டையில் விட்ட ஸ்க்ரூடிரைவர்தான் வளைகிறது. கடையில் "உடைத்துவிடுங்கள்" என்கிறார்கள். தண்டின் மரை போய்விடுமோ என்று பயம். பக்கத்துத் தோப்புத் தம்பி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எஞ்சின் சிலிண்டருக்குள் கயிறு விட்டால் தண்டு சுற்றாது என்கிறான். செய்யலாமா?

கோபி_விவசாயி:
டபிள்யூடி-40 (துரு இளக்கும் ஸ்ப்ரே எண்ணெய்) அடித்து ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள்.

பம்புசெட்_மெக்கானிக்:
அண்ணா, அந்தக் கயிறு வேலை வேண்டாம். பிரஷ் கட்டரில் எஞ்சினுக்கும் தண்டுக்கும் நடுவே சென்ட்ரிஃபியூகல் கிளட்ச் இருக்கிறது. ஆக்சிலேட்டர் கொடுத்தால்தான் அது பிடிக்கும். பிஸ்டனை நிறுத்தினாலும் தண்டு பாட்டுக்குச் சுற்றும். கியர் பாக்ஸ் பக்கம்தான் பூட்ட வேண்டும்.

முதலில் பிளக் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள். ஹெட்டுக்கும் கியர் பாக்ஸுக்கும் இடையில் கோரை நார் சுற்றி இறுகியிருக்கும். கத்தியால் கீறி எல்லாவற்றையும் இழுத்துப் போடுங்கள். பாதி இறுக்கம் அதில்தான். ஸ்க்ரூடிரைவர் நுனி மெலிந்தது, ஓட்டையில் ஆடும், அதனால் வளைகிறது. ஓட்டையை நிறைக்கிற கனத்தில் எல்-கீ (எல் வடிவ இரும்புச் சாவி) விடுங்கள். ஹெட்டுக்கு மேலே இருக்கும் மேல் வாஷரில் உள்ள ஓட்டையும் கியர் பாக்ஸ் ஓட்டையும் நேராக வந்தால்தான் முழுசாக இறங்கும்.

எண்ணெயை வெளியே அடித்துப் பயன் இல்லை. ஹெட் மேலே பார்க்கும்படி தண்டைச் சாய்த்து, மூடியைத் திறந்து, நைலான் சுற்றிய உருளையை எடுத்துவிட்டு, நடுவில் தெரியும் இரும்பின் ஓரத்தில் விடுங்கள். மரைக்குள் இறங்க நேரம் கொடுங்கள். அப்புறம் அந்த இரும்பிலேயே ஸ்பேனர் போட்டு, ஸ்பேனர் முனையில் சுத்தியலால் சுருக்கென்று தட்டுங்கள். தம் கட்டி இழுப்பதைவிடத் தட்டுதான் துருவை விடுவிக்கும். பெருந்தட்டு வேண்டாம். கியர் பாக்ஸ் அலுமினிய வார்ப்பு, எல்-கீ நிற்கும் இடம் உடைந்தால் செலவு பெரிது.

நெருப்பு காட்டவே காட்டாதீர்கள். பிளாஸ்டிக் உருகும், கியர் பாக்ஸ் சீல் கெடும், மறுமுனையில் பெட்ரோல் டேங்க் வேறு.

அதற்கும் வராவிட்டால் கடைக்காரர் சொன்னது சரிதான். ஆனால் சுத்தியலால் நொறுக்க வேண்டாம். ஹாக்சா பிளேடால் பிளாஸ்டிக்கை மட்டும் அறுத்தெடுங்கள். உள்ளே பதிந்த இரும்பு நட்டு மிஞ்சும். அதைப் பைப் ரிஞ்சில் கவ்வி வலப்பக்கம் திருப்புங்கள். அறுப்பு இரும்புக்குள் இறங்காதவரை மரைக்கு ஒன்றும் ஆகாது.

ஆனைமலை_தோப்பு:
வந்துவிட்டது! நார் ஒரு கைப்பிடி இருந்தது. எண்ணெய் ஊறிய பிறகு தட்டியதும் நட்டு விட்டுக்கொடுத்தது, ஹெட்டை அறுக்கவே வேண்டியிருக்கவில்லை. மரை முழுக்கத் துரு. அப்படியே பிளேடு போடலாமா?

பம்புசெட்_மெக்கானிக்:
ஒயர் பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, கொஞ்சம் கிரீஸ் தடவிப் போடுங்கள். அடுத்த முறை லேசாக வரும். புல் அடிக்கும்போது அதன் இழுப்பே ஹெட்டை இறுக்கிக்கொண்டே போகும், ரிவர்ஸ் மரை வைத்திருப்பதே அதற்குத்தான். அதனால் கையால் மாட்டும்போது அளவாக இறுக்கினால் போதும். பிளேடு அப்படியல்ல. மேல் வாஷர் மேட்டில் பிளேடின் நடு ஓட்டை ஆடாமல் உட்கார வேண்டும், நட்டை ஸ்பேனர் போட்டு நன்றாக இறுக்குங்கள். பிறகு எல்-கீயை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

பார்த்தீனியம் வெட்டும்போது முழுக்கைச் சட்டையும் முகக்கவசமும் கட்டாயம் அண்ணா. அதன் தூள் பட்டால் சிலருக்குத் தோலெல்லாம் தடித்துவிடும்.