சஸ்காச்சுவான்ல ஒரு சின்ன ஊர்ட பழைய பேப்பர் தேடுறன், தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

உப்புவெளிப் பெடியன்:
வணக்கம். எங்கட சின்னக்கா குடும்பம் கனடாவில சஸ்காச்சுவான் மாகாணத்தில ஒரு குட்டி ஊருக்கு மாறிட்டாங்க, அத்தானுக்கு அங்க வேலை. ரெண்டு கடை, ஒரு சேர்ச், ரயில் பாதையோரம் ஒரு பெரிய தானியக் கோபுரம், அவ்வளவுதான், வீடியோ கோல்ல பாத்தா கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் தட்டை வயல். ஆனா அந்த ஊருக்கெண்டு முந்தி சொந்தமா வாரப் பேப்பர் இருந்ததாம், ஒரு பக்கத்தை லைப்ரரிச் சுவர்ல பிரேம் போட்டு வச்சிருக்காம். இங்க திருமலைச் செய்தியே கொழும்புப் பேப்பர்ல ஒரு மூலைக்குள்ள தான் வரும், அவ்வளவு சின்ன ஊர் எப்பிடிப் பேப்பர் நடத்தினது, காசு எங்கால வந்தது? மருமகளுக்கு ஸ்கூல்ல ஊர் வரலாறு எழுதச் சொல்லி இருக்காம், ஒன்லைன்ல பாக்க ஏலுமோ?

தம்பலகாமத்தான்:
தம்பி, எல்லாம் காணியும் ரயிலும் செய்த வேலை. கனடா 1872ல ஒரு காணிச் சட்டம் கொண்டு வந்தது, 10 டொலர் கட்டினா 160 ஏக்கர், குடியிருந்து உழுது காட்டினா சொந்தம். ரயில் கொம்பனியள் பத்துப் பதினைஞ்சு கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேசன் போட்டாங்கள், ஏனெண்டா குதிரை வண்டில்ல கோதுமை ஏத்திக்கொண்டு போய்க் கோபுரத்தில குடுத்திட்டு அண்டைக்கே வீடு திரும்போணும். எங்கட பக்கம் நெல்லு மூட்டையோட வண்டில் கட்டின கணக்குத்தான். ஸ்டேசனைச் சுத்திக் கடை, ஹொட்டேல், பேங்க், பின்னால ஒரு அச்சுக்கூடம். பக்கத்து ஸ்டேசனுக்குச் சனம் போயிடாமல் 'எங்கட ஊர் தான் நாளைக்குப் பெரிய நகரம்' எண்டு அளக்க ஒரு பேப்பர் வேணும் தானே, ஊர்க்கடைக்காரர் எல்லாம் விளம்பரம் குடுப்பாங்கள். அதோட பேப்பர்ல பாதி அவங்கள் அடிச்சதே இல்லை. நகரத்தில ஒரு பக்கம் அச்சடிச்ச தாளை வாங்கி மற்றப் பக்கத்தில தான் ஊர்ப் புதினம் போடுறது.

எல்லைக்கு அங்கால அமெரிக்காவில நோர்த் டகோட்டா, சவுத் டகோட்டாவில இன்னும் பகிடி. காணி உறுதி எடுக்கிறவர் கிட்டடிப் பேப்பர்ல நோட்டீஸ் போட வேணும் எண்டு சட்டம், காசும் அவர்தான் கட்டோணும், அந்த நோட்டீஸ் காசுக்காகவே பேப்பர் தொடங்கினவங்கள் கனபேர். உறுதி எல்லாம் எடுத்து முடிய பேப்பரும் படுத்திடும்.

கோட்டடி வாசகி:
சஸ்காச்சுவான் ஹிஸ்டோரிக் நியூஸ்பேப்பர்ஸ் ஒன்லைன் எண்டு ஒரு தளம் இருக்கு, இலவசம். அல்பேர்ட்டா யூனிவர்சிட்டி அந்தப் பக்கத்துப் பழைய பேப்பர், புத்தகம் எல்லாம் சேர்த்து வச்ச பீல் கலெக்சனையும் பாருங்க. ஊர்ப் பேரை மட்டும் அடிச்சுத் தேடினா ஒண்டும் வராம போகலாம், மங்கின எழுத்தைக் கொம்பியூட்டர் பிழையா வாசிச்சு வச்சிருக்கும், பக்கத்து ஊர்ப் பேப்பரையும் தேடுங்க, ஏனெண்டா ஒவ்வொரு பேப்பர்லயும் சுத்து வட்டாரத்துக்குத் தனித்தனிப் பத்தி இருக்கும், ஆர் ஆற்ற வீட்டுக்கு ஞாயிறு சாப்பாட்டுக்குப் போனது, ஆற்ற குதிரை செத்தது, எந்த வயல்ல ஆலங்கட்டி மழை எண்டெல்லாம் எழுதுவாங்க, உண்மையான வரலாறு அதுக்குள்ள தான் கிடக்கு. பொம்பிளையளைத் தேடுறதெண்டா புருசன்ட பேரில தேடோணும், திருமதி இன்னார் எண்டு தான் போடுவாங்க, அவட சொந்தப் பேர் வராது. எனக்கு அதில சரியான எரிச்சல்.

இன்னொண்டு, சஸ்காச்சுவான் மாகாணமானது 1905ல. 1980ல 75 வருசம் எண்டு கொண்டாடேக்க கன ஊர்ச் சனம் கமிட்டி போட்டு ஊர் வரலாறு புத்தகம் அடிச்சது. அந்த லைப்ரரியில கேட்கச் சொல்லுங்க.

கடற்கரை வீதி:
பேப்பரை அப்பிடியே நம்பவும் வேண்டாம். அந்தப் பக்கத்தில முதல் வந்தது பேட்டில்ஃபோர்ட்ல சஸ்காச்சுவான் ஹெரால்ட், 1878. பேட்ரிக் லோரி எண்டவர் மாட்டு வண்டில்ல வின்னிபெக்கில இருந்து அச்சு மெசினைக் கொண்டு போய்த் தொடங்கினது. ஆள் லூயி ரியெலுக்கு முழு எதிரி. ரியெல் எண்டவர் 1885ல கனடா அரசாங்கத்துக்கு எதிராக் கிளர்ச்சி நடத்தின மெட்டிஸ் தலைவர், மெட்டிஸ் எண்டா பழங்குடிச் சனமும் ஐரோப்பியரும் கலந்து வந்த சனம். 1885 கிளர்ச்சியை அந்தப் பேப்பரை வச்சு மட்டும் எழுதினா மெட்டிஸ் சனத்தின்ட பக்கமும், கிரீ எண்ட பழங்குடிச் சனத்தின்ட பக்கமும் வராது.

ஆனா ஆங்கிலப் பேப்பர் மட்டும் எண்டு நினைக்காதீங்க. மனிடோபாவில ஐஸ்லாந்துச் சனம் 1875ல வந்து இறங்கி, அடுத்த வருசம் பெரியம்மை வந்து கனபேர் செத்தும், 1877லயே ஃப்ராம்ஃபாரி எண்டு தங்கட பாசையில பேப்பர் போட்டாங்க. மூண்டு வருசம் கூட ஓடேல்ல. உக்ரேன், ஜேர்மன் சனமும் பிறகு தங்கட பாசையில அடிச்சாங்கள். டொரொன்டோவில எங்கட ஆக்கள் இலவசப் பேப்பர் அடிக்கிறதும் இதே கதை தான்.

உப்புவெளிப் பெடியன்:
நன்றி எல்லாருக்கும், அந்த நோட்டீஸ் கதை சூப்பர். அக்காட ஊர் தொடங்கினது 1908 எண்டு போர்ட்ல இருக்காம்.

கோட்டடி வாசகி:
அப்ப 1908க்கு முந்தியும் ஒருக்காப் பாருங்க. ரயில் வர முதல் அந்த இடத்துக்குப் போஸ்ட் ஒஃபிஸ் வேற பேரில இருந்திருக்கலாம், அப்பிடியெண்டா பழைய பத்தி எல்லாம் அந்தப் பேரில தான் கிடக்கும்.