நந்தினி அனுப்பிய சிவப்புப் பூ

நந்தினி (லிஸ்பன், போர்ச்சுகல்): அனைவருக்கும் வணக்கம். இன்று ஏப்ரல் 25, இங்கே விடுமுறை. வீட்டுக்காரப் பாட்டி காலையிலேயே கதவைத் தட்டி, ஒரு சிவப்புக் கார்னேஷன் பூவைக் கொடுத்துச் சட்டையில் குத்திக்கொள்ளச் சொன்னார். பெரியப்பா, 1974-இல் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்த நாளை மக்கள் ஏன் பூ வைத்துக் கொண்டாடுகிறார்கள்?

பெரியப்பா: நல்ல கேள்வி அம்மா. போர்ச்சுகலில் 1926 முதல் 48 ஆண்டுகள் சர்வாதிகாரம்தான். ஆப்பிரிக்காவில் தாங்கள் ஆண்ட அங்கோலா, மொசாம்பிக், கினியா ஆகிய நாடுகளை விட்டுக்கொடுக்க மறுத்து, 1961 முதல் இளைஞர்களைப் போருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அந்தப் போரை வெல்ல முடியாது என்பதைக் களத்தில் நின்று உணர்ந்த இளம் கேப்டன்களே ஆட்சியைக் கவிழ்த்தார்கள். ஆகவே அதைத் தளபதிகள் தங்களுக்காக நடத்தும் அதிகாரப் பறிப்போடு சேர்க்கவே கூடாது.

பெரியப்பா: நள்ளிரவு 12.20 மணிக்கு வானொலியில் பாடகர் ஜோசே அஃபோன்சோவின் 'கிராண்டோலா' பாடல், முன்பே பேசிவைத்த அடையாளமாக ஒலித்ததும் படைகள் புறப்பட்டன. பிரதமர் கயெத்தானோ ஒளிந்திருந்த கார்மோ படைமுகாமைச் சுற்றி வளைத்த கேப்டன் சல்கெய்ரோ மாயாவுக்கு வயது 29. வீட்டிலேயே இருங்கள் என்று வானொலி திரும்பத் திரும்பச் சொல்லியும் மக்கள் தெருவை நிறைத்தார்கள். மாலையில் பிரதமர் சரணடைந்தார்.

அத்தை: பூ எப்படி வந்தது அண்ணா?

பெரியப்பா: செலெஸ்தே கயெய்ரோ என்ற பெண் வேலை பார்த்த உணவகத்துக்கு அன்று முதலாம் ஆண்டு நிறைவு. விழாவுக்கு வாங்கிய பூக்களை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லிக் கடையை மூடிவிட்டார்கள். வழியில் ஒரு சிப்பாய் சிகரெட் கேட்க, கையில் இல்லாததால் அவர் ஒரு பூவைக் கொடுத்தார். சிப்பாய் அதைத் துப்பாக்கிக் குழாயில் செருகிக்கொண்டான்.

சித்தப்பா: ஒருவர்கூடச் சாகவில்லை என்று படித்தேனே?

பெரியப்பா: அப்படிச் சொல்வது தவறு தம்பி. அரசியல் காவல்துறையினர் தங்கள் தலைமையகத்தின் முன் கூடியவர்களைச் சுட்டதில் நால்வர் இறந்தார்கள். அவர்களை மறந்துவிடக் கூடாது. அதே ஆண்டு செப்டம்பரில், நான் முன்பு சொன்ன கினியாவின், அதாவது இன்றைய கினியா-பிசாவின் விடுதலையைப் போர்ச்சுகல் ஏற்றது. 1961-இல் கோவா இந்தியாவுடன் இணைந்ததை அதுவரை ஒப்புக்கொள்ளாத அந்த நாடு, டிசம்பர் 31 அன்று டெல்லியில் கையெழுத்திட்டு அதையும் ஏற்றது.

நந்தினி: பாட்டியின் கூடத்தில் சீருடை அணிந்த ஓர் இளைஞரின் படம் இருக்கிறது. கினியாவிலிருந்து திரும்பி வராத அண்ணன் என்று முன்பு ஒருமுறை சொன்னார். அப்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இன்று அந்தப் படத்தின் அடியிலும் ஒரு பூ வைத்திருக்கிறார். பிற்பகல் ஊர்வலத்துக்கு அவரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்கிறேன், பெரியப்பா.