ஆய்வுக் கப்பலில் டெக் வேலை: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கோ

வணக்கம் அண்ணாமார். வாழைச்சேனையில் பலநாள் படகில் போகும் தம்பிமார் சிலர் அரச ஆய்வுக் கப்பலில் டெக் வேலைக்கு விண்ணப்பிக்கிறாங்க. உயிர்காப்பு, தீயணைப்பு, முதலுதவி சேர்ந்த எஸ்டிசிடபிள்யூ (கப்பல் வேலையாட்களுக்கான சர்வதேசப் பயிற்சித் தரம்) அடிப்படைப் பயிற்சி பற்றித் தெரியும். கயிறும் வலையும் அவங்களுக்குக் கைவந்த வேலை. பயமெல்லாம் வயரைச் சுற்றிக் கருவிகளை ஏற்றி இறக்கும் வின்ச் இயந்திரம்தான். கடல்நீரின் உப்பு, வெப்பம், ஆழம் அளக்கும் சிடிடி கருவியை இறக்கும்போது இரண்டு பக்கமும் கயிறு பிடித்து ஆட்டத்தை அடக்க வேணும். அந்தக் கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்தால், கப்பல் சரியும்போது ஆளையும் சேர்த்து இழுத்துவிடும். இறுகின வயருக்கு நேரே நிற்கவே கூடாது. அறுந்தால் திரும்பி வந்து அடிக்கும். இதையெல்லாம் கப்பலில் ஏற முதல் யார் பழக்குவாங்க? வாட்ச் (முறை வேலை) நாலு மணித்தியாலமா, ஆறா? இரும்பு முனைச் சப்பாத்து நாங்களே வாங்கணுமா? மருத்துவச் சோதனையில் நிறக்குருடு பார்ப்பாங்களா? வேலை செய்தவங்க தயவுசெய்து எழுதுங்கோ.